கோழியைக் கேட்டு அரைத்த மசாலா

உருளைக்கிழங்கு சிப்ஸின் தரத்தைப் பற்றி யாராவது என்னிடம் பேச்செடுத்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். போன வாரம்கூட என் தம்பி செல்போனில் ஒருவனைக் காட்டினான். அந்த ஆள் ஐந்தாறு பாக்கெட்டுகளை வரிசையாகப் பிரித்து வைத்துக்கொண்டு, மைக்குக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகக் கடித்து, மொறுமொறுப்புக்கு இவ்வளவு, மசாலாவுக்கு இவ்வளவு என்று மார்க் போட்டுக்கொண்டிருந்தான். ஊரே அதை உட்கார்ந்து பார்க்கிறதாம். நான் கத்திய கத்தலில் தம்பி போனை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். பாவம், அவனுக்கு விஷயம் தெரியாது. நான் சிப்ஸுக்கு மார்க் போட்ட காலத்தில் அவன் பிறக்கவே இல்லை.

ஆமாம், நானும் போட்டிருக்கிறேன். நாலாவது படிக்கும்போது.

அப்போது நாங்கள் எர்ணாவூரில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில், இரண்டாவது மாடியில் இருந்தோம். அப்பா ஹார்பருக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும் ட்ரெய்லர் ஓட்டினார். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வண்டிகள் வரிசையில் நிற்க ஆரம்பித்தால் நின்றதுதான். அப்பா வண்டிக்கு அடியிலேயே ஸ்டவ் வைத்துச் சமைத்துச் சாப்பிட்டு, அங்கேயே தூங்குவார். என்றைக்கு வீட்டுக்கு வருவார், வரும்போது கையில் என்ன மிஞ்சியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மாவின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. இதை அப்பாவே அக்கம்பக்கத்தில் வெட்கப்படாமல் சொல்லிக்கொள்வார்.

அம்மாவுக்கு மணலி பக்கத்தில் ஒரு சிப்ஸ் கம்பெனியில் வேலை. பொறுக்குகிற வேலை. கிழங்கைச் சீவி, எண்ணெயில் பொரித்து, ஒரு பெரிய டிரம்முக்குள் போட்டு உருட்டுவார்கள். டிரம்முக்குள் மசாலா தூவிக்கொண்டே இருக்கும். அங்கிருந்து வெளியே வந்து பெல்ட்டில் ஓடும் சிப்ஸை இரண்டு பக்கமும் பெண்கள் நின்றுகொண்டு பார்ப்பார்கள். கறுத்தது, ஓரத்தில் பச்சை ஓடியது, மடிந்துபோனது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது, மசாலா கட்டி கட்டியாக அப்பிக்கொண்டது, இதெல்லாம் பாக்கெட்டுக்குள் போகக் கூடாது. சரக்கு நிற்காமல் ஓடும். கண் பார்ப்பதற்கு முன்பே கை எடுக்க வேண்டும். சிப்ஸின் ஓரம் பட்டுப் பட்டு அம்மாவின் விரல் நுனிகளில் பொடிப்பொடியாக வெட்டுகள் இருக்கும். அந்த வெட்டுகளுக்குள் மிளகாய்ப்பொடி போகும். வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் குடத்துத் தண்ணீரில் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அப்போது யாரும் அவளிடம் எதுவும் கேட்கக் கூடாது.

பொறுக்கிப் போட்டதற்கு அங்கே ரிஜெக்ட் என்று பெயர். அது மாட்டுத் தீவனத்துக்குப் போக வேண்டியது. ஆனால் பெல்ட்டில் நிற்கிற பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் சாப்பாட்டு டப்பாவில் எடுத்துக்கொண்டு வருவதைக் கம்பெனியில் எவரும் தடுக்கவில்லை. மாட்டுக்குப் போவது மனுஷருக்குப் போனால் என்ன குறைந்துவிடப் போகிறது என்ற பெரிய மனசு. அந்த ரிஜெக்டைத் தின்றுதான் எங்கள் பிளாக் பிள்ளைகள் வளர்ந்தோம். எனக்கு அது ஒரு வகை சிப்ஸின் பெயர் என்றே நினைப்பு. பாய் கடையில் போய் "ரிஜெக்டு சிப்ஸ் கீதா?" என்று கேட்டிருக்கிறேன். பாய் சிரித்துக்கொண்டே, "அது உங்க வூட்லதான் கெடைக்கும் போ" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்களுக்குள் அதில் தர வரிசையே உண்டு. மடிந்தது முதல் தரம். மடிப்புக்குள் மசாலா போய் மாட்டிக்கொள்ளும், வாயில் போட்டால் கடைசியில் சுரீர் என்று ஒன்று வரும். ஒட்டிக்கொண்ட ஜோடி இரண்டாவது. கறுத்தது அதற்கப்புறம், லேசான கசப்பும் இனிப்புமாக அதற்கு ஒரு தனி ருசி. தட்டையாக, மஞ்சளாக, ஒழுங்காக இருக்கும் சிப்ஸ் எப்போதாவது தவறிப்போய் டப்பாவுக்குள் வந்துவிட்டால் அதைச் சின்னப் பிள்ளைகளுக்குத் தள்ளிவிடுவோம். கம்பெனி தலைகீழாகப் பார்த்ததை நாங்கள் நேராகப் பார்த்தோம், அல்லது நாங்கள்தான் தலைகீழ். பிள்ளைகளுக்கு எது கொடுத்துப் பழக்குகிறோமோ அதுதானே ருசி.

அம்மாவின் தம்பி, என் மாமா, அதே கம்பெனியின் கோடவுனில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அடுத்த பிளாக்கில் வீடு. சூப்பர்வைசர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காக ஆபீஸ்காரர்கள் தும்மினால்கூட முன்னால் போய் நின்றுவிடுவார். அப்படி ஒருநாள் அவர் காதில் விழுந்தது, கம்பெனியிலிருந்து ஒரு மேடம் எங்காவது பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் புது சிப்ஸைத் தின்னக் கொடுத்து அபிப்பிராயம் கேட்கப் போகிறாள் என்று. மாமா உடனே, எங்கள் பிளாக்குக்கு வாருங்கள், எங்கள் பிள்ளைகள் சிப்ஸில் கரைகண்டவர்கள் என்று சொல்லிவிட்டார். அந்த மேடத்துக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்கு மனசு வரவில்லை, மன்னிக்கவும்.

ஒரு சனிக்கிழமை காலை வந்தார்கள். எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, அம்மாவுக்கு வேலை உண்டு. மாமா முன்னாலேயே வந்து எல்லோரையும் படிக்கட்டுக்குக் கீழே உட்காரவைத்து, மூக்கைத் துடைக்க வேண்டியவர்களுக்குத் துடைத்துவிட்டு, பாடம் நடத்தினார்.

"தோ பாருங்க. மேடம் கேட்டா அல்லாரும் கூச்சப்படாம வாயத் தொறந்து சொல்லணும். எது புடிச்சிருக்கோ அத்த சொல்லு. பொய் சொல்லாத. இன்னா?"

சரி என்றோம். மாமா பொய் சொல்லச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

தண்ணீர் டேங்க் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மூன்று தட்டுகள் வைத்தார்கள். ஒன்றில் மஞ்சள் ஸ்டிக்கர், ஒன்றில் நீலம், ஒன்றில் சிவப்பு. மணலி ஆலைகளின் புகைநாற்றத்தோடு காற்று அன்றைக்குக் கொஞ்சம் கடுமையாக வீசியது. எங்களுக்கு அது ஒன்றும் தெரியாது. மேடம் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டே பேசினாள். கூட வந்தவன் கையில் ஒரு கேமரா. எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மூன்று தட்டிலிருந்தும் தின்னச் சொன்னார்கள். மஞ்சள் தட்டில் இருந்தது அழகழகாக, ஒரே அளவில், படத்தில் வருவதைப் போல இருந்தது. நீலத்தில் கலந்து கிடந்தது. சிவப்புத் தட்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் வீட்டு டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்துவிட்டார்களா என்று நினைத்தேன்.

எனக்கு முன்னால் தின்ற ஒரு பொடியன் மஞ்சள் தட்டைக் காட்டி அதுதான் நன்றாக இருக்கிறது என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. "உனுக்கு இன்னாடா தெரியும்? எங்கம்மா கம்பெனில வேல செய்யுது" என்று அவனை நகர்த்திவிட்டு நானே முன்னால் போய் நின்றேன்.

"மேடம், அத்த வுடுங்க. அது சப்புனு கீது, தாள் துன்ற மாரி. இத்தப் பாருங்க, மடிஞ்சிகீதே, இதுக்குள்ளதான் மசாலா நிக்கும்."

மேடம் துப்பட்டாவைக் கொஞ்சம் இறக்கினாள். அவள் முகத்தை அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். நல்ல முகம்தான். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

"ஓ, அப்படியா? ஆனா இது கொஞ்சம் டார்க்கா இருக்கே, கசக்கலையா உனக்கு?"

"கசக்காது மேடம். கறுப்புதான் டேஸ்ட்டு."

மேடம் கேமராக்காரனைப் பார்த்தாள். அவன் பக்கத்தில் வந்து என்னை இன்னொரு முறை சொல்லச் சொன்னான். நானும் மடிப்பைப் பிரித்துக் காட்டி, உள்ளே அப்பியிருந்த மசாலாவை நாக்கால் தொட்டுக் காட்டி, விளக்கமாகச் சொன்னேன். ஆழம் தெரியாமல் காலை விடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் தலையையே விட்டேன்.

"சூப்பர். வேற யாருக்கெல்லாம் ரெட் பிளேட் பிடிச்சிருக்கு, குட்டீஸ்? கை தூக்குங்க பார்க்கலாம்."

நான் திரும்பிப் பார்த்த பார்வையில் எல்லோரும் தூக்கினார்கள். அந்தப் பொடியனும் தூக்கினான். ஆளுக்கொரு பென்சில் டப்பா கொடுத்தார்கள், எனக்கு மட்டும் கூடவே ஒரு தொப்பி. மூன்று தட்டிலிருந்தும் மேடம் ஒன்றைக்கூட எடுத்து வாயில் போடவில்லை என்பதை நான் கவனித்தேன். பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கிறாள், எவ்வளவு நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மா வந்து குடத்துத் தண்ணீரில் கையை முக்கியதும், கேட்கக் கூடாத நேரம் என்பதையும் மறந்து எல்லாவற்றையும் கொட்டினேன். தொப்பியைப் போட்டுக் காட்டினேன். அம்மா முதலில் அரைக் காதில்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தடி நல்லாகீதுன்னு சொன்னே?"

"செவப்புத் தட்டும்மா. நம்ம வூட்டு ரிஜெக்டேதான், சேம் டேஸ்ட்டு."

"நீ மட்டுமா?"

"அல்லாரும். நான்தான் கை தூக்க வச்சேன்."

அம்மா தண்ணீரிலிருந்து கையை எடுத்தாள். துடைக்கக்கூட இல்லை. விறுவிறுவென்று இறங்கி அடுத்த பிளாக்குக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். மாமா வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, அவுங்க எதுக்கு வந்தாங்கன்னு கேட்டியா நீ?"

"கொயந்திங்களுக்கு எது புடிக்குதுன்னு பாக்க வந்தாங்கக்கா. உன் பொண்ணு ஷோக்கா பேசிச்சு. மேடம் மெர்சலாயிட்டாங்க."

"பொறுக்கிப் போட்டதத் துன்னுட்டு நல்லாகீதுன்னு சொன்னா, அப்பறம் பொறுக்கறதுக்கு ஆளு எதுக்குடா? அத்த யோசிச்சியா நீ?"

மாமா டீயை ஒரு மடக்கு உறிஞ்சினார். பிறகு, "இன்னாக்கா நீ, எதுக்கெடுத்தாலும் பேஜாரு பண்ணிகினு" என்று டீயைக் குடித்து முடித்தார். அம்மா அவர் கையிலிருந்த டம்ளரைத் தட்டிவிட்டாள். அம்மா கை ஓங்கி நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. பிளாக்கே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது.

அம்மா சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. ஒன்றும் புரியவில்லை. எனக்குத் தெரிந்த பெரியவர்களின் கோபமெல்லாம் தப்பாகப் பதில் சொன்னால் வருகிற கோபம்தான். ஆகவே நான் பரீட்சையில் தப்பாகச் சொல்லிவிட்டேன், சரியான விடை மஞ்சள் தட்டு என்று முடிவு செய்துகொண்டேன். கம்பெனியில் வேலை செய்பவளின் மகளே தப்பாகச் சொன்னால் அம்மாவுக்கு அவமானம்தானே. மேடம் மறுபடியும் வந்தால் மஞ்சள் என்று சொல்லிவிட வேண்டும் என்று கொஞ்ச நாள் காத்திருந்தேன். மேடம் எதற்கு வரப்போகிறாள்? அவளுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

கம்பெனியில் இரண்டு லைன் உண்டு. ஒன்றில் ஓடுவது பெரிய பாக்கெட்டுக்கான சரக்கு. அடையாறு, அண்ணா நகர் என்று போகும். அங்கே இன்றைக்கும் பெண்கள் நின்று பொறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அம்மா நின்ற லைனை ஒரு புதுச் சின்ன பாக்கெட்டுக்கு மாற்றினார்கள். எங்கள் பக்கத்துப் பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்குவதற்கான பாக்கெட். அதில் பொறுக்க வேண்டியதில்லை. மாறாக, அந்தப் பெரிய லைனில் பொறுக்கிப் போட்டதைக் கொண்டுவந்து இதில் கொட்டினார்கள். மாட்டுக்குப் போவது நின்றது. சாப்பாட்டு டப்பாவில் வருவதும் நின்றது. புது பாக்கெட்டைக் கொஞ்ச நாள் ராத்திரி ஷிப்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அம்மாவையும் அவளோடு பெல்ட்டில் நின்றவர்களையும் ஒருநாள் மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமா கொஞ்ச நாளில் சூப்பர்வைசர் ஆனார்.

கோழியைக் கேட்டா மசாலா அரைக்கிறார்கள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். எங்களைக் கேட்டுத்தான் அரைத்தார்கள். மரியாதையாகக் கேட்டார்கள், மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, குட்டீஸ் என்று கூப்பிட்டுக் கேட்டார்கள். அந்த சிப்ஸைத் தின்று யாரும் செத்துவிடவில்லை, யாருக்கும் வயிற்றுவலிகூட வரவில்லை. கெட்டுப்போனதை விற்றான் என்றால் புகார் கொடுக்கலாம். நீ நன்றாக இருக்கிறது என்று சொன்னதைத்தான் உனக்கு விற்கிறேன் என்றால் எங்கே போய் என்னவென்று எழுதிக் கொடுப்பது? எனக்கு இத்தனை வருஷமாக ஆறவில்லை. அந்தப் பொடியனுக்குச் சரியாகத்தான் நாக்கு இருந்தது. எங்கள் நாக்கை அப்படிப் பழக்கிவைத்தவர்களே வந்து, அந்த நாக்கிடம் சாட்சி வாங்கிக்கொண்டு போனார்கள். மாமாவை மன்னித்துவிட்டாயா என்று அம்மா இப்போதெல்லாம் கேட்கிறாள். இல்லை.

அம்மா மத்தியானமே வீட்டுக்கு வந்த அன்று, டப்பா காலியாக இருக்கிறதே என்று நான் அவளோடு சண்டை போட்டேன். அவள் கையைத் தண்ணீரில் முக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என் கத்தல் தாங்காமல் சுருக்குப்பையிலிருந்து ஒரு காசை எடுத்துப் போட்டு, போய் எதையாவது வாங்கித் தின்னு என்றாள். பாய் கடைக்குப் போனால் அங்கே எங்கள் பிளாக் பிள்ளைகள் எல்லாம் கூட்டமாக நிற்கிறார்கள். முந்தின நாள்தான் வந்து தொங்கியதாம். பாக்கெட்டின் மேல் கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் உருளைக்கிழங்கு சிரித்தது. 'டபுள் ரோஸ்ட், டபுள் மசாலா' என்று போட்டிருந்தது. ஒருவன் பிரித்து ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "டேய், இது நம்ம சிப்ஸுடா" என்று கூவினான். நான் எல்லோரையும் விலக்கிக்கொண்டு, இதைத் தேர்ந்தெடுத்ததே நான்தான் என்று பாயிடம் சொன்னேன். பாய் காசை வாங்கிக்கொண்டு சரத்திலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார்.

பிரிக்காமல் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா மடியில் போட்டு, "இத்த செலக்ட் பண்ணதே நான்தாம்மா" என்றேன். தப்பான விடை என்று நினைத்தது சரியான விடையாகவே ஆகிவிட்டது, அம்மாவின் கோபம் இதோடு தீர்ந்துவிடும் என்று எனக்கு நம்பிக்கை.

அம்மா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிரித்து ஒரு தட்டில் கொட்டினாள். கொட்டியதும் அவள் கை தானாக வேலையை ஆரம்பித்துவிட்டது. கறுத்தது இந்தப் பக்கம், மடிந்தது இந்தப் பக்கம், பச்சை ஓடியது இந்தப் பக்கம், ஒட்டிக்கொண்டது இந்தப் பக்கம். பெல்ட் ஓடுவதைப் போல மளமளவென்று எடுத்துப் போட்டாள். முடித்தபோது ஒரு பக்கம் குவியலாக இருந்தது. மறுபக்கம் உடைந்த துண்டுகள் இரண்டு கிடந்தன. அம்மா அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு, "பேமானிங்க" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று தெரியவில்லை. பிறகு தட்டை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

எங்கள் வீட்டில் அம்மா பொறுக்கி ஒதுக்கியது எப்போதும் எனக்குத்தான். ஒரே பாக்கெட்டுக்குள் இவ்வளவு ஒதுக்கியிருக்கிறாளே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அல்லாமே நல்லதாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா எழுந்துபோய்க் குடத்துத் தண்ணீரில் கையை முக்கிக்கொண்டாள். ஆமாம் என்று எடுத்துக்கொண்டு நான் சாப்பிட ஆரம்பித்தேன்.